தரையில் சிந்திய மை

கேள்வி: என் அப்பச்சி (அப்பா) 32 வருஷம் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். ஓய்வு பெற்றபின் கட்சியில் சேர்ந்து நல்ல பெயர் எடுத்தார். நகர்மன்றத் தேர்தலில் சீட் உறுதி என்றிருந்த நேரத்தில், பொறுப்பை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். காரணம் கேட்டால் ‘போதும்ப்பா’ என்கிறார். ஊருணி தூர்வாரிய விழாவில், அதை வெட்டியது கட்சிப் பிரமுகரின் பாட்டனார் என்று மேடையில் பேசச் சொன்னார்களாம். கல்வெட்டில் வேறு யாரோ ஒரு ஆச்சி பெயர் இருக்கிறதாம். இப்போது பேப்பரும் மையுமாகத் திரிகிறார். வளவில் (வீட்டின் உள்கட்டில்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரையெல்லாம் கறை. மகளுக்கு வரன் பார்க்கிறோம். வருகிறவர்கள் ‘ஏன் ஒதுங்கிவிட்டார்?’ என்று கேட்கிறார்கள். அவர் மனத்தை எப்படி மாற்றுவது?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ‘இருக்கிறதாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த ஊருணி எந்த ஊரில் இருக்கிறது? உங்கள் ஊரில்தானே? அதன் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், படித்துறையில் இறங்கி நாலு வரியைப் படித்துவிட்டு ‘இருக்கிறது’ என்று எழுத ஏன் முடியவில்லை? அப்பச்சி எதற்காக வெளியேறினார் என்பது அந்தக் கல்லில் இருக்கிறது. நீங்கள் சீட்டைப் பார்த்தீர்கள், வரனைப் பார்த்தீர்கள், தரையில் கறையைப் பார்த்தீர்கள். கல்லைப் பார்க்கவில்லை.

அந்த மை எதற்கு என்றாவது கேட்டீர்களா? மைப்படி எடுக்கிறார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டவேண்டும். அப்புறம் மையை ஒற்றினால் தாள் கறுக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். வயதானவர் படித்துறையில் குனிந்து தனியாக இதைச் செய்திருக்கிறார். உங்களுக்குத் தரை பெரிதாகப் போய்விட்டது.

யாரோ ஒரு ஆச்சி என்கிறீர்கள். தன் காசைப் போட்டு ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் யாரோ இல்லை. இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதிக் கல்யாணம் செய்கிற மண் இது. பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கும்போதே பெயர் எழுதிவைக்கிறோம். உங்கள் மகளின் இசைகுடிமானத்தில் உங்கள் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயரை எழுதச் சொன்னால் எழுதுவீர்களா? அப்பச்சியிடம் கேட்டது அதைத்தான். அதுவும் மாணவர்களுக்குக் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரிடம்.

ஒதுங்கினால் ஒழிந்தார் என்று நினைக்காதீர்கள். வட ஆப்பிரிக்காவில் துனிசில் 1332இல் பிறந்த வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் பல அரசர்களிடம் வேலை பார்த்தவர், சிறையும் கண்டவர். 1375இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் இப்னு சலாமா கோட்டைக்குப் போனார், குடும்பத்தோடு. அங்கே ஏறக்குறைய நாலு வருஷம். அவருடைய ‘முகத்திமா’ என்ற நூல் 1377இல் அங்கேதான் உருவானது. அரசுகள் எப்படி எழுகின்றன, ஏன் விழுகின்றன என்று உலகம் இன்றும் அதைப் படிக்கிறது. அரண்மனையை விட்டு வந்த பிறகுதான் அரண்மனையைப் பற்றி உள்ளபடி எழுத முடிந்தது. சான்றைப் பார்த்துவிட்டேன், இனி மாற்றிச் சொல்லமாட்டேன் என்பது வரலாறு படித்தவரின் விரதம். அதைக் காப்பாற்ற உங்கள் அப்பச்சி பதவியை விட்டார். நீங்கள் திரும்பிப் போகச் சொல்கிறீர்கள். பெற்ற பிள்ளை கேட்கக்கூடாத கேள்வி இது.

அவரிடமும் எனக்குக் குறை உண்டு. ‘போதும்ப்பா’ என்று சொல்லிவிட்டால் போதாது. மேடையில் இறங்கிய பொய் நாளைக்குப் பலகையில் ஏறும், அப்புறம் பாடப்புத்தகத்திலும் ஏறும். அவர் எழுத வேண்டும். அவர் எழுத நீங்கள் இடம் கொடுக்க வேண்டும். வளவின் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுவிடுங்கள், தரைக்குப் பழைய சாக்கை விரியுங்கள். உங்கள் வீட்டுக்காரியிடமும் இதை நீங்களே சொல்லுங்கள். அப்பச்சி கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

வரன் வீட்டார் கேட்டால் மென்று விழுங்க வேண்டாம். ‘பொய் பேசச் சொன்னார்கள், அப்பச்சி மறுத்தார்’ என்று முகப்பில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீட்டில் பெண் கொடுக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவரோடு ஊருணிக்குப் போங்கள். இளவெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். வாளியை நீங்கள் தூக்குங்கள். மகளையும் கூட்டிப்போய், அந்த ஆச்சியின் பெயரை அவளையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.