மாரத்தான் பயிற்சியில் மெதுவாக ஓடும் நாள்கள் வீணா?

வாரத்தில் ஐந்து நாள் ஓடுவதாகவும், அதில் இரண்டு நாளை மெதுவாக ஓடிக் கழிப்பது வீண் என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகிறவராக இருப்பீர்கள். காலையில் கிடைப்பதே ஒரு மணி நேரம், அதிலும் மெதுவாகவா என்று மனம் கேட்கத்தான் செய்யும்.

வீணே இல்லை. வேகமாக ஓடுகிற நேரத்தில் உடம்பு பலம் பெறுவதில்லை, தேய்கிறது. தசைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது, தசைகள் எரிபொருளாகச் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீர்கிறது. அது திரும்ப நிரம்பவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். உடம்பு தேறிப் பலம் பெறுவது அடுத்து வரும் மெதுவான நாள்களில்தான். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று கால்களை விரட்டும்போதுதான் அடிபடுகிறது.

நான் கோவை ரேஸ் கோர்ஸில் ஒரு குழுவோடு ஓடுகிறேன். ஞாயிறு லாங் ரன், செவ்வாய் இன்டர்வல், அதாவது கொஞ்ச தூரம் வேகமாக, கொஞ்ச தூரம் தளர்வாக என்று மாற்றி மாற்றி ஓடுவது. திங்களும் புதனும் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்குக் குறையாமல்தான் ஓடுவேன். "ஏனுங்க்கா, உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போவார்கள். வாட்ஸப் குழுவில் தினமும் அவரவர் பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற ஸ்கிரீன்ஷாட் வரும், என்னுடையது வராது. ஆனால் ஒரு வருட மாரத்தானுக்கு, தினமும் என்னைத் தாண்டிப் போனவர்களில் சிலர் முழங்கால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு என்று வரவே இல்லை. நான் 47 வயதில் 4 மணி 38 நிமிடத்தில் முடித்தேன், கடைசி பத்து கிலோமீட்டரில் ஓரிடத்திலும் நடக்கவில்லை. எனக்கு இதில் பெருமைதான்.

"இதெல்லாம் வயசானவங்களுக்கு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். கென்யாவின் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 52 விநாடி. அவரே இலகுவான நாள்களில் நான்கு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஓடுபவர். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பௌவர்மன் கடினமான நாளுக்கு அடுத்து இலகுவான நாள் என்றுதான் பயிற்சி கொடுத்தார். அதை ஏற்க மறுத்து முரண்டு பிடித்த மாணவர் கென்னி மூர், பிறகு அதற்கு இணங்கி, 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தார். எல்லாருக்கும் ஒரே பேஸ் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரி, அதுதான் உங்கள் வேகம். ஏப்ரல், மே வெயிலில் அதே பேஸுக்கு இதயத் துடிப்பு ஏறும், அப்போது இன்னும் குறையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குச் சமமாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பெண்களுக்கும் ஆண்கள் அளவு டிஷர்ட்டையே நீட்டும் வழக்கத்தைப் போட்டி நடத்துகிறவர்கள் எப்போதுதான் விடுவார்கள்? தோளில் நிற்காத சட்டையைப் போட்டு 42 கிலோமீட்டர் ஓடினால் அக்குள் உரசிப் புண்ணாகிவிடுகிறது.

அப்புறம் ஒன்று. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுரீரென்று வலிக்கிறதென்றால் மெதுவாகக்கூட ஓடாதீர்கள். எலும்பில் விரிசலாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஓடுங்கள்.