பயாலஜி குரூப் மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்: பைத்தானை எப்படித் தொடங்குவது?

உங்கள் மகள் பிளஸ் டூவில் உயிரியல்-கணிதம் படித்தவள். கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது. கூடப் படிக்கப்போகிறவர்கள் பள்ளியிலேயே கோடிங் பழகியிருப்பார்கள், இவள் திணறுவாளே என்ற பயத்தில், கல்லூரி திறப்பதற்குள் 40,000 ரூபாய் கட்டி பைத்தான் என்ற கணினி மொழிக்கான ஒரு கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் சார். பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவினருக்கும் பைத்தான் ஒரு பாடமாக இருந்தது. 2025-இல் பாடத்திட்டம் மாறிவிட்டது. எந்த மொழியானாலும் அடிப்படையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இவளுக்கு சி என்ற இன்னொரு கணினி மொழி முதலில் வரலாம். அதனாலும் நஷ்டமில்லை, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான வரிகளைப் பெயரிட்டுத் தொகுப்பது) எல்லாம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் இன்னொன்றிலும் கைகொடுக்கும்.

புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் இருப்பதே பைத்தான்தான். தமிழ் வழியிலும் உண்டு. தெருவில் யாரிடமாவது பழைய பிரதி கிடைக்கும். மென்பொருளும் இலவசம். யூடியூப் பார்த்துப் படித்தால் ஒரு எச்சரிக்கை: விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறியே போடாமல் சொல்லித்தருகிறார்கள் என்றால் அது பைத்தான் 2. அதன் ஆதரவு 2020 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

முதல் வாரத்தில் அவள் கட்டாயம் ஒரு இடத்தில் முட்டி நிற்பாள். இரண்டு மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிக் காட்டும் நிரலை எழுதி, 45, 50 என்று கொடுப்பாள். 95 வராது, 4550 என்று வரும். இன்புட் கட்டளை வழியாக வாங்குவது எதுவானாலும் பைத்தானுக்கு அது வெறும் எழுத்துத் தொடர். கூட்டல் குறி போட்டால் ஒட்டவைத்துவிடும். இன்ட் என்று சொல்லி எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்டும். இதை சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நொடியில் திருத்திக் கொடுத்துவிடும். முதல் மாதம் அதைத் தவிர்க்கட்டும். பிழைச் செய்தி வந்தால் பதறாமல் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். என்ன கோளாறு என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

இஃப், எல்ஸ் (இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்) வரை வந்ததும் உங்கள் வீட்டு இபி பில்லை அவளிடம் கொடுங்கள். யூனிட்டைச் சொன்னால் தொகையைச் சொல்லும் நிரலை அவளே எழுத வேண்டும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை. ஒரே விலையால் மொத்தத்தையும் பெருக்கினால் தப்பு, படி படியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் பட்டியலே வேறு. ஆகவே முதலில் 500-ஐத் தாண்டியதா என்று ஒரு இஃப், அதற்குள்ளே படிகளுக்கான இஃப்கள். உள்ளே வரும் வரிகளை (வழக்கமாக நான்கு ஸ்பேஸ்) தள்ளி எழுதாவிட்டால் பைத்தான் ஓடாது. தவறான இடத்தில் தள்ளினால் சில சமயம் ஓடிவிடும், தொகை மட்டும் தப்பாக வரும். ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் 100, 101, 500, 501 என்று எல்லையில் இருக்கும் எண்களைக் கொடுத்துப் பார்க்கட்டும். கோர்ஸ் முடித்து சர்டிபிகேட் வைத்திருப்பவர்களிலும் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு கோடிங் தெரியாவிட்டாலும் பில் பார்க்கத் தெரியுமே! பழைய பில்கள் நான்கைந்தை எடுத்துவைத்துக்கொண்டு தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடுவில் கட்டணம் மாறியிருந்தால் விலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் அவளாகவே மேலே படிக்க ஆசைப்பட்டால், சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தியிருக்கும் பைத்தான் பாடத்தைப் பார்க்கட்டும். வீடியோக்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். லேப்டாப்பைக் கூட கல்லூரி திறந்து, சீனியர்களிடம் விசாரித்த பிறகு வாங்கலாம். அதுவரை உறவினர் வீட்டுப் பழைய கணினியே இதற்குத் தாராளம்.