உப்பு ஏறினால் கலங்கல் இறங்கும்

கேள்வி: பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி வனாமி இறால் பண்ணை வைத்திருக்கிறேன். சித்திரையில் ஆற்றிலிருந்து ஏற்றிய பழுப்புத் தண்ணீர் ஒரே இரவில் தெளிந்துவிட்டது. கார்த்திகையில் ஏற்றியது ரிசர்வாயர் குட்டையில் (தண்ணீரைத் தேக்கித் தெளியவிடும் குட்டை) ஐந்து நாள் ஆகியும் டீ மாதிரியே நிற்கிறது. 80 மெஷ் வலைப்பை கட்டியும் பயனில்லை. படிகாரம் போடலாமா?

பதில்: ஆறு ஒன்றுதான், தண்ணீர் வேறு. சித்திரையில் ஏறியது பெரும்பாலும் கடல்நீர், கார்த்திகையில் ஏறியது மழைவெள்ளம். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நிறத்தைப் பார்த்து மோட்டார் போடுவது நம்மவர்களின் பழைய பழக்கம்.

களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. அந்த அளவுத் துகள் அசையாத நீரில் ஒரு நாளைக்குச் சுமார் 30 செ.மீ.தான் இறங்கும். அதில் பாதி அளவுள்ளது நான்கில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும். 1.5 மீட்டர் குட்டையில் அது தரையைத் தொடவே மூன்று வாரம் ஆகும், காற்றடித்தால் அதுவும் இல்லை. 80 மெஷ் வலையின் கண்ணோ இதைவிட நூறு மடங்கு பெரிது; நண்டுக் குஞ்சையும் மீன் குஞ்சையும் நிறுத்தும், களியை நிறுத்தாது.

துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை என்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்பு சில பிபிடி (லிட்டருக்குச் சில கிராம்) ஏறியதும் அந்தத் தள்ளல் தளர்கிறது; ஒட்டித் திரளாகின்றன. பாசியும் நுண்ணுயிர்ப் பிசினும் சேர்ந்து திரளை இன்னும் பெரிதாக்கும். நல்ல திரள் நொடிக்கு அரை மில்லிமீட்டர் இறங்கினாலே ஒரு மணி நேரத்தில் அடிக்குப் போய்விடும். உங்கள் சித்திரைத் தண்ணீருக்கு நடந்தது இதுதான்.

படிகாரத்துக்கு முன் மூன்று கண்ணாடி பாட்டிலில், மோட்டார் வாயிலிருந்து விழும் தண்ணீரையே பிடியுங்கள் (பம்பு திரளை உடைக்கும், ஆற்றில் மொண்டு பார்த்தால் ஏமாற்றும்). ஒன்றைச் சும்மா விடுங்கள். இன்னொன்றில் லிட்டருக்கு 5 கிராம் கல்லுப்பு, மூன்றாவதில் துளி படிகாரக் கரைசல். உப்பு பாட்டில் தெளிந்தால் படிகாரச் செலவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கலந்தால் போதும். எதுவுமே தெளியாமல் பச்சை தட்டினால் அது மண் இல்லை, பாசி.

படிகாரம் வேலை செய்யும், ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கர், 1.5 மீட்டர் ஆழத்துக்கு 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) என்றால் 120 கிலோ. தவிர 1 பிபிஎம் படிகாரம் அரை பிபிஎம் காரத்தன்மையைத் தின்னும். வெள்ளநீரில் அதுவே குறைவாக இருந்தால் பி.எச். சரியும். இறால் இல்லாத ரிசர்வாயரில் மட்டும் போடுங்கள். காற்றூட்டும் ஏரேட்டரைப் படிகாரம் கலக்கும் வரை ஓட்டி நிறுத்திவிடுங்கள், ஓடிக்கொண்டே இருந்தால் கட்டிய திரள் கிழியும். குடத்துத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரசிய வேலைதான் இது, ஏக்கர் கணக்கில்.

ப்ளீச்சிங் பவுடர் தெளிந்த பிறகுதான். வண்டலில் ஒட்டியிருக்கும் அங்ககப் பொருள் குளோரினைக் குடித்துவிடும், கிருமி தப்பித்துவிடும்.

இனி ஏற்றும் நேரம். வங்காளத்து ஹூக்ளி ஆற்று முகத்தில் ஏற்றவற்றம் (கடல் ஏறி இறங்கும் உயரம்) 5 மீட்டரைத் தாண்டும். அந்த ஓட்டமே ஆண்டு முழுதும் சேற்றைக் கிளப்பிக்கொண்டிருக்கும். வெள்ளாற்றில் 1 மீட்டருக்குள்தான், இங்கே கலங்கலுக்கு முதல் காரணம் மழை. வெள்ளம் வடிந்து 5 பிபிடிக்கு மேல் ஏறும்வரை பொறுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் கடல்நீர் நன்றாக உள்ளே வரும், ஆனால் ஓட்டமும் வேகம். இரண்டு மூன்று நாள் கழித்து, ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் நேரத்தை ஒட்டி ஏற்றுங்கள். வெள்ளநீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் நுழையும். அதனால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வை மேலாகக் கட்டாமல், சேற்றைத் தொடாமல் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டுங்கள்.

ரிசர்வாயரில் படிந்த சேற்றை வெட்டி எடுக்கும்போது உரம் என்று பக்கத்து நெல் வயலில் கொட்டிவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. பண்ணைக் கரைக்கே போடுங்கள்.