ஆபீஸ் மேக்கில் திரையைப் பகிர அட்மின் பாஸ்வேர்டு எதற்கு?

கேள்வி: எங்கள் ஊழியர்களின் மேக்புக்குகளில் ஜூமில் திரையைப் பகிர அனுமதி கொடுக்கப் போனால், அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுக்காமல் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். அட்மின் உரிமையைத் தயவுசெய்து வாரி வழங்காதீர்கள். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து திரைப்பதிவுக்கு (திரையைப் பகிர்வதும் இதில் சேர்த்தி) தனி அனுமதி வேண்டும். கேமரா, மைக் போலவே இதையும் எம்டிஎம் (நிறுவனக் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) மூலம் நிர்வாகியால் நேரடியாக 'அனுமதி' என்று போட முடியாது. தடுக்க மட்டுமே முடியும். கடைசி சம்மதம் பயனருடையது. ஆப்பிள் இப்படி வைத்திருப்பது சரிதான். திரையில் என்னென்னவோ தெரியுமே!

ஆனால் அடுத்த பதிப்பான பிக் சர் (2020) முதல், சாதாரணப் பயனரே அந்த அனுமதிப் பொத்தானை இயக்க வழிவிடலாம். எம்டிஎம்மில் பிபிபிசி ப்ரொஃபைல் (ஆப்களின் தனியுரிமை அனுமதிகளைக் குறிக்கும் அமைப்புக் கோப்பு) உருவாக்கி, 'ஸ்கிரீன் கேப்சர்' சேவைக்கு 'அலோ ஸ்டாண்டர்ட் யூசர் டூ செட் சிஸ்டம் சர்வீஸ்' என்ற மதிப்பைக் கொடுங்கள். ஆப்பின் பண்டில் ஐடியும் (ஆப்பின் தனி அடையாளப் பெயர்) கோட் ரெக்வயர்மென்ட்டும் (அசல் ஆப்தானா என்று கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கும் வரி) தேவை. பின்னதை டெர்மினலில் 'கோட்சைன்' கட்டளை காட்டும். அதில் 'designated =>' என்பதற்குப் பின் வருவதை முழுதாக அப்படியே ஒட்டுங்கள், ஓர் எழுத்து விடுபட்டாலும் ப்ரொஃபைல் பலிக்காது. பிரவுசரில் மீட்டிங் நடத்துபவர்களுக்கு அனுமதி ஜூமுக்கு அல்ல, குரோம் போன்ற அந்த பிரவுசருக்கே போக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிறகு ஊழியர் மேக்கின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் பொத்தானை இயக்கி, ஆப்பை முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஜன்னலை மட்டும் மூடினால் போதாது.