மாவு மில் சத்தத்தை ஒளிக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் ஏ.எஸ். (பள்ளி மேல்நிலை) மீடியா ஸ்டடீஸ் படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்திருக்கிறோம். கரண்ட் போன ராத்திரியில், பூட்டிக் கிடக்கும் மாவு மில்லுக்குள் மெஷின் ஓடும் சத்தம். ஒரு பெண் கதவில் காதை வைக்கிறாள், டைட்டில். மில்லில் பதிவு செய்த சத்தம் கரகரவென்று கெட்டுப்போனதால், பாட்டி வீட்டு கிரைண்டர் சத்தத்தை வேகம் குறைத்து வைத்தோம். படத்தைப் பற்றிய சுயமதிப்பீட்டைப் பாட்காஸ்டாகத் தர ஆசை. தனியாகப் பேசுவதா, மூவரும் சேர்ந்து பேசுவதா, பேட்டியா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பேட்டியாகச் செய்யுங்கள். கேள்வி கேட்பவர் உங்கள் குழுவில் இல்லாத, படத்தை ஒரே ஒரு முறை பார்த்த தோழியாக இருக்கட்டும். "அந்தப் பெண் ஏன் ஓடிப்போகவில்லை?" என்று அவர்தான் கேட்பார். கூடவே இருந்து படமெடுத்தவர்களுக்கு அது தோன்றாது.

தனியாகப் பேசினால் எழுதிவைத்து வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். மூவரும் பேசினால் கலகலப்பாக இருக்கும். ஆனால் உங்கள் பாடத்தில் படத்தைக் குழுவாக எடுக்கலாம், சுயமதிப்பீடு தனித்தனியாகத்தான். எந்த முடிவு யாருடையது என்று மதிப்பெண் போடுபவர் தடுமாறக்கூடாது. தோழியிடம் தலைப்புகளை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். பதில்களை ஒத்திகை பார்க்க வேண்டாம்.

சுயமதிப்பீட்டுக்குப் பாடத்திட்டம் தரும் கேள்விகள் எல்லாவற்றையும் பாட்காஸ்டில் திணிக்காதீர்கள். திகில் பட மரபுகளை எங்கே பின்பற்றினீர்கள், எங்கே மீறினீர்கள் என்பதற்குக் காட்சி கண்முன் ஓட வேண்டும். அதற்கு இயக்குநர் உரைதான் சரி. 1984இல் 'கிங் காங்' படத்தின் லேசர் டிஸ்க்கில் (டிவிடிக்கு முன்பிருந்த படத்தட்டு), திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் தனி ஒலித்தடத்தில் பேசியதுபோல, படம் ஓட ஓடப் பேசுங்கள். உங்கள் திறமை எப்படி வளர்ந்தது, தொழில்நுட்பத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பாட்காஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பாட்காஸ்ட் பொருந்தும் என்று நான் நம்புவதற்குக் காரணமே அந்தக் கெட்டுப்போன சத்தம்தான். அதைப் பத்து விநாடி அப்படியே போடுங்கள். ஒலிப்பதிவு லெவலைக் கூட்டிவைத்துப் பதிவு செய்ததால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும், அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது என்று சொல்லுங்கள். அடுத்து கிரைண்டரின் அசல் சத்தம், அதையடுத்து வேகம் குறைத்தது. வேகம் குறையும்போது சுருதியும் இறங்குகிறது. வீட்டு மோட்டார் பெரிய மெஷினாகக் கேட்பது அதனால்தான். இதை எழுத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கலாம். காதில் போட்டுவிட்டால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். நீங்கள் கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். துணிமணி நிறைந்த சின்ன அறை போதும். போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். ‘ப’ வரும்போது காற்று அடிக்காது. யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தையும் பிடித்துக்கொண்டால், வெட்டி ஒட்டும் இடங்களில் உதவும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

மில்லில் எடுத்த ஃபைல் உங்கள் போனில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அழித்திருந்தால் மற்ற இருவரிடமும் இன்றைக்கே கேளுங்கள்.