தரையிறங்கும் முன் பைலட் ‘கேபின் க்ரூ, ப்ரிபேர் ஃபார் லேண்டிங்’ என்கிறார். யாரும் பதில் சொல்வதில்லையே, அவர்கள் தயார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பதில் சொல்கிறோம். உங்கள் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஆறு வருடம் உள்நாட்டு விமானங்களில் கேபின் க்ரூவாக இருந்தேன், பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320. முன்கதவுப் பக்கம், நாங்கள் உட்காரும் மடக்கு இருக்கையை ஒட்டி ஒரு பேனல் இருக்கும். கேபின் விளக்கை மங்க வைப்பது முதல் பல வேலைகள் அதில்தான் நடக்கும். அதிலேயே ‘கேபின் ரெடி’ என்று ஒரு பொத்தான். முன்னால் இருக்கும் சீனியர் அதைத் தொட்டால் விமானிகளின் அறையான காக்பிட்டின் திரையில் பச்சை எழுத்தில் செய்தி வந்துவிடும். அந்தப் பொத்தான் இல்லாத விமானங்களில் இன்டர்போனில் கூப்பிட்டு ஒரே வரியில் சொல்லிவிடுவோம்.

சீனியருக்கு எப்படித் தெரியும் என்றால், பின்னால் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். பெல்ட், சீட் சாய்வு, ட்ரே, ஜன்னல் மூடி, காலடிப் பை, காலிக் கழிவறை, சமையல் பகுதி வண்டிகளின் தாழ்ப்பாள், ஓவன் சுவிட்ச் எல்லாம் பார்த்துவிட்டு முன்னால் போன் அடிப்போம், அல்லது நடைவழியில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். சென்னை–கோவை மாதிரி குட்டிப் பயணத்தில் டீ கப் பொறுக்கி முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். நாங்கள் ஏன் அப்படிப் பரபரக்கிறோம் என்று இப்போது புரியும்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் காக்பிட்டை அநாவசியமாகக் கூப்பிடக் கூடாது. ‘ஸ்டெரைல் காக்பிட்’ என்று பெயர். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மூடுபனியில் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார் விவகாரமும் பேசிக்கொண்டிருந்தது காக்பிட் ஒலிப்பதிவில் இருந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் அமெரிக்காவில் விதியே வந்தது. இந்தியாவிலும் அதே பழக்கம்தான்.

நல்ல விதி. ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அது ஒரு பூச்சாண்டி. எது அவசியம், எது அநாவசியம் என்று வினாடியில் யார் முடிவு செய்வது? என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம், சாயங்கால கோவை விமானம். நான் பின்பக்கம். பெல்ட் விளக்கு எரிந்த பிறகும் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கழிவறைக்குள் இருந்தார். கதவைத் தட்டினேன். “ஐயா, இறங்கப் போறோம், சீக்கிரம் வாங்க.”

“இதோ ரெண்டு நிமிஷம்மா.”

முன்னால் போன் போட்டேன். “மேம், ஒருத்தர் பாத்ரூம்ல இருக்கார், ரெண்டு நிமிஷம்.” (சீனியர் நாகர்கோவில்காரர்தான். ஆனால் யூனிபார்மில் அக்கா கிடையாது, மேம்தான்.) அவர் கேப்டனிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார், “டூ மினிட்ஸ், சார்.” கேப்டன் அதை நம்பி இறக்கிக்கொண்டே வந்தார்.

நம் ஊரில் ‘ரெண்டு நிமிஷம்’ என்பது ஒரு கால அளவா? பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவனிடம் சொல்வதும் அதுதான், இன்னும் குளிக்கவே போகாதவன் சொல்வதும் அதுதான். காக்பிட்டிலோ அது 120 வினாடி. அதற்குள் விமானம் எட்டு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

பெரியவர் வரவில்லை. அந்தக் கதவை வெளியிலிருந்தே திறக்க வழி உண்டு. எனக்குக் கை எழவில்லை. அதற்குள் காக்பிட்டிலிருந்து போன். சீனியர் உண்மையைச் சொன்னார். கேப்டன் இறக்கத்தை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் கேட்டு ஒரு பெரிய சுற்று சுற்றினார். அந்தச் சுற்றின் பாதியில்தான் பெரியவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “ஏம்மா இப்படிப் போட்டுத் தட்டுற?” என்றார்.

எல்லோரும் இறங்கிய பிறகு கேப்டன் வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். திட்டுவார் என்று நின்றேன்.

“ரெண்டு நிமிஷம்னு யார் சொன்னது?”

“பாஸஞ்சர் சொன்னார், சார்.”

“அவர் சொன்னார், சரி. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது, சார்.”

“அப்ப அதைத்தான் சொல்லணும். ஆள் உள்ளே இருக்கார், எப்ப வருவார்னு தெரியாது. இதைச் சொல்லியிருந்தா அப்பவே முடிவெடுத்திருப்பேன்.”

பயிற்சியில் நெட்டுரு போட்டதுதான். அவசர நிலையில் கேப்டன் சீனியரிடம் நான்கு விஷயம் சொல்வார்: என்ன பிரச்சினை, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, வேறு ஏதாவது தனி உத்தரவு. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சையில் எனக்கு முழு மதிப்பெண். கழிவறை வாசலில் பூஜ்யம்.

வாய்விட்டுச் சொல்லாமல் போனதற்குக் கொடுத்த விலைக்கு எங்கள் வகுப்பில் காட்டிய உதாரணம் இங்கிலாந்தின் கெக்வர்த் விபத்து. 1989 ஜனவரி 8, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737. பழுதானது இடது என்ஜின். விமானிகள் அணைத்தது வலது என்ஜினை. வலது என்ஜினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியிலும் சொன்னார். பின்னால் இருந்த பயணிகள் பலரும் பணியாளர்கள் சிலரும் இடது பக்கம் நெருப்பு வந்ததைப் பார்த்திருந்தார்கள். காக்பிட்டுக்கு அந்தத் தகவல் போகவில்லை. ஓடுபாதையை நெருங்கும்போது இடது என்ஜினும் கைவிட, நெடுஞ்சாலைக் கரையில் மோதி, 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இடது வலதிலேயே எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. முன்கதவு இருக்கையில் நாங்கள் உங்களைப் பார்த்து, வால் பக்கம் திரும்பி உட்காருகிறோம். எங்கள் இடக்கை விமானத்தின் வலப்பக்கம். அதனால் ‘என் இடது’ என்று சொல்லவே கூடாது, காக்பிட்டைப் பார்த்து நின்றால் எது இடதோ அதுதான் இடது. வேடிக்கையாக இருக்கும், முதல் மாதம் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வோம்.

உங்கள் கேள்விக்கு மறுபடி வருகிறேன். ‘கேபின் ரெடி’ போன பிறகு அநேகமாகப் பேச்சே இல்லை. மடக்கு இருக்கையில் தோள்பட்டை பெல்ட்டோடு, கையைத் தொடைமேல் வைத்து, உங்களைத் தாண்டி எங்கோ பார்ப்போம். உள்ளே பாடம் ஓடிக்கொண்டிருக்கும்: எந்தக் கதவு என்னுடையது, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், என்ன சொல்லிக் கத்த வேண்டும், உதவிக்கு எந்த வரிசையில் யாரைக் கூப்பிடலாம். கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் தண்ணீர் மட்டும் கேட்காதீர்கள்.