கைப்பழக்கமும் கலியாணப் பயமும்

கேள்வி: எனக்கு 26 வயது. ஆவணியில் கலியாணம். பல வருடமாகக் கைப்பழக்கம் இருக்கிறது. ஒரு சொட்டு விந்து 40 சொட்டு இரத்தம் என்கிறார்கள். சில நாள் சிறுநீரும் வெள்ளையாகக் கலங்கிப் போகிறது. லேகியம் சாப்பிட வேண்டுமா? குடும்ப வாழ்க்கைக்குச் சரிவருவேனா?
- வாசகர், கல்லடி

பதில்: சரிவருவீர்கள் தம்பி. லேகியத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

விந்து இரத்தம் வற்றி வருவதல்ல. பெரும்பங்கு விந்துப் பைகளும் புரஸ்தாதச் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணு அதில் கொஞ்சம்தான். ஒரு தடவை வெளியேறுவது 1.5 முதல் 5 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். விதைகள் நாள்தோறும் புதிய விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அடக்கி வைத்தாலும் பழையதை உடலே உறிஞ்சிக்கொள்ளும், அல்லது நித்திரையில் போகும்.

உடலை ஆக்கும் ஏழு தாதுக்களில் விந்தே கடைசிச் சாரம் என்பது நம் பழைய வைத்திய எண்ணம். ஐரோப்பாவிலும் 1760இல் டிசோ என்ற சுவிஸ் வைத்தியர் கைப்பழக்கத்தைப் பெரும் நோயாக எழுத, வைத்தியர்களே நூறு வருடத்துக்கு மேல் நம்பினார்கள். 1948இல் வந்த, கின்சி என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வு, அந்நாட்டு ஆண்களில் மிகப் பெரும்பாலானோர் இதைச் செய்தவர்களே என்று காட்டியது. ‘கரமைதுனம்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னதை இப்போது ‘சுயஇன்பம்’ என்று எழுதுகிறோம். பயம் மட்டும் மாறவில்லை. தாது போய்விட்டதென்ற கவலையில் வரும் களைப்பு, நித்திரையின்மை, எழுச்சிக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்து மனநல வைத்தியத்தில் ‘தாத்’ நோய்க்குறி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளை மெலியவைப்பது அந்தக் கவலைதான்.

சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சில துளி வினாகிரி விடுங்கள். உடனே தெளிந்தால் அது பொஸ்பேற்று உப்பு, விந்தல்ல, பயமில்லை. தெளியாவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். எரிவோ மஞ்சள் சீழோ இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இறுக்கிப் பிடித்தோ, குப்புறப் படுத்து மெத்தையில் தேய்த்தோ பழகியவருக்கு மனைவியோடு சேரும்போது விந்து வெளியேறத் தாமதமாகலாம். அவ்வளவு அழுத்தம் அங்கே கிடைக்காது. சில வாரம் நிறுத்திவிட்டு, பிறகு தளர்த்திப் பிடித்துப் பழகினால் பெரும்பாலும் சரியாகும். சவர்க்காரம் வேண்டாம், தோல் எரியும். விறைத்த உறுப்பை மடக்கி ‘டக்’ என்று சத்தம் கேட்டு வீங்கினால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: நான் மணமானவள், வயது 31. பெண்களுக்கும் கைப்பழக்கம் உண்டா? கர்ப்பப்பை கெடுமா? பாவமா?
- வாசகி, கல்முனை

பதில்: உண்டு சகோதரி. யோனி வாயிலுக்கு மேலே உள்ள சிறு மொட்டில்தான் உணர்ச்சி நரம்புகள் செறிந்திருக்கின்றன. கர்ப்பப்பை கெடாது, மாதவிடாய் குழம்பாது, பிள்ளைப்பேறும் தடைப்படாது. பாவமா என்பதை மார்க்கம் படித்த ஆலிமிடம் கேளுங்கள். நோயல்ல என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். நகத்தை வெட்டி, கையைக் கழுவிக்கொண்டால் போதும். தயிர்போல வெள்ளைபட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. கிளினிக்கில் காட்டினால் மருந்து தருவார்கள்.